பதிமூன்றடியா, பதினாறடியா

மர்லிஸ் எங்கனுக்கு "முடியாது" என்று சொல்ல வராது என்றால், அவருடைய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன எவனும் நம்பமாட்டான். நானும் போனவன்தான். முப்பத்துநாலு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிய பெண்மணி அவர். பின்சீட்டில் கூச்சல் எழுந்தால் திட்டமாட்டார். பனி மூடிய வயல்களுக்கு நடுவே பஸ்ஸை ஓரங்கட்டுவார். ஹீட்டரை அணைத்துவிட்டு, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே குளிர் மைனஸ் முப்பதில் நிற்கும். ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை வாலும் சுருண்டுவிடும்.

ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கினால் ஆள் வேறு. சர்ச் விற்பனைக்குப் பன்னிரண்டு வருஷமாக ஆப்பிள் பை என்ற பலகாரம் சுட்டுக் கொடுத்தார். பை சுடுவது அவருக்கு அறவே பிடிக்காது. முதல் வருஷம் யாரோ கேட்டார்கள், தலையாட்டிவிட்டார், அதோடு மாட்டிக்கொண்டார். எங்கள் மினசோட்டா வடபகுதியில் இது ஒன்றும் அதிசயமில்லை. நாங்கள் வாய்விட்டு எதையும் கேட்கமாட்டோம், வாய்விட்டு எதையும் மறுக்கவும் மாட்டோம். இது நல்ல குணம் என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பாதிப் பேருடைய வயிற்றுப்புண்ணுக்கு இதுதான் காரணம் என்பேன்.

என் பெயர் கர்ட் கங்காஸ். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் கொக்கிக்கடை வைத்திருக்கிறேன். படகோ, கேரவனோ, பனிவண்டியோ, எதை இழுத்துப் போவதாக இருந்தாலும் காருக்கு அடியில் இரும்புச் சட்டம் பொருத்தி, கொக்கி மாட்டி, பின்விளக்குக்கு ஒயர் இழுத்துக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலில் ஒரே ஒரு ஒழுக்கம்தான் உண்டு. எடையில் பொய் சொல்லக் கூடாது. இழுக்காத காரை இழுக்கும் என்று சொன்னால் ஏதோ ஒரு இறக்கத்தில் ஆள் செத்துப்போவான். அதனால் கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். இந்த ஒழுக்கத்தால்தான் போன பிப்ரவரியில் இரண்டு பெண்கள் நடுவில் மத்தளம் மாதிரி மாட்டிக்கொண்டேன்.

மர்லிஸின் கணவர் வெண்டல், அதற்கு ஒன்றேகால் வருஷம் முன்பு, ஒரு அக்டோபரில் இறந்துபோனார். ஏரி உறைவதற்குள் படகுத்துறைப் பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டு, மதியம் சாப்பிட வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு மர்லிஸின் அக்கா லவோன் டுலூத் நகரத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தார். "ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். லவோன் வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

கெட்டவர் இல்லை லவோன். அதுதான் சிக்கலே. காலையில் மர்லிஸ் எழுவதற்குள் காபி தயாராக இருக்கும். துணி துவைத்து மடித்திருக்கும். சமையலறை அலமாரியில் எல்லாம் இடம் மாறியிருக்கும், உப்பு எங்கே என்று தன் வீட்டிலேயே மர்லிஸ் கேட்க வேண்டும். மர்லிஸ் நாற்காலியைவிட்டு எழுந்தால் "எங்க போற?" என்பார் லவோன். கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று "நல்லா இருக்கியா?" என்பார். இரவு தூங்கப் போகும்போது இரண்டு அறைக் கதவும் திறந்தே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் காதில் விழவேண்டுமே.

இந்த நிலையில்தான் மர்லிஸ் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு, ஒரு சின்ன கேரவன், வாங்க முடிவு செய்தார். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், கண்ணாடியிழையில் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று வார்த்துச் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டே அளவுதான். பதிமூன்றடி, பதினாறடி. பதிமூன்றடியில் ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒற்றை அடுப்பு. ஓராள் கச்சிதமாக இருக்கலாம். பதினாறடியில் இரண்டு பேர் தனித்தனியாகப் படுக்கலாம், மூலையில் ஒரு குட்டிக் கழிவறையும் உண்டு. மே மாதம் வண்டி வேண்டும் என்றால் பிப்ரவரி மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் எந்த அளவு என்று சொல்லியாக வேண்டும். அச்சில் ஊற்றிவிட்டால் மாற்ற முடியாது.

அந்த வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்பு, காலை பத்து மணிக்கு மர்லிஸ் கடைக்கு வந்தார். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, நான் கொடுக்கிற காபியை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்.

"கர்ட், என் காரை வந்து பாரு. பதிமூணடி இழுக்குமான்னு சொல்லு."

"இழுக்கும். பார்க்கவே வேண்டாம்."

"பதினாறடி?"

"பார்த்துச் சொல்றேன். ரெண்டுல எது வாங்கப் போறீங்க?"

அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாறடி இழுக்காதுன்னு சொல்லிடேன்."

"பார்க்காமலேயா?"

"பார்த்துட்டே சொல்லு. ஆனா இழுக்காதுன்னு சொல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில், கேரவன் வாங்கி மூன்று மாதம் மேற்கே போய் வரலாம் என்று இருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதும் அவருக்கே பாவமாகிவிட்டது. "நீ வேணும்னா நீயும் வாயேன்" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னால்தான் இதன் விபரீதம் விளங்கும். முதல் தடவை அழைப்பது அழைப்பே இல்லை, அது மரியாதை. "ஐயோ, எனக்கெதுக்கு" என்று மறுக்க வேண்டும். இரண்டாவது தடவை "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜமாகக் கேட்கிறார்கள் என்று பொருள். முதல் தடவைக்கே ஒப்புக்கொள்கிறவன் வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், இல்லை பட்டினி கிடந்தவனாக இருக்கவேண்டும். லவோன் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து அறுபத்தேழு வயதானவர். அவர் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றாராம். ஒரே தடவையில்.

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் என்ன பண்ண? கூப்பிட்டது நான்தானே" என்றார் மர்லிஸ்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க."

"என் அக்காவை ஓணான்னு சொல்லாதே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் ஊர் சுத்திப் பார்க்கவா போறேன்னு நெனைக்கிற? என் வீட்டைவிட்டு ஓடிப்போறேன் கர்ட். அவளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அதான் நான் போறேன். இப்ப அவளையும் கூட்டிக்கிட்டு ஓடணுமாம்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"தன் வீட்டை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கா. எனக்காக. அவகிட்ட என்னன்னு சொல்றது?" கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பத்துநாலு வருஷம் என் முதுகுக்குப் பின்னால அறுபது பேர். வீட்டுக்கு வந்தா வெண்டல், இப்ப இவ. பின்னால யாருமில்லாம ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான் நான் கேட்கிறது."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்: "எடையில நான் பொய் சொல்லமாட்டேன் மர்லிஸ். நெஜமாவே இழுக்கலைன்னா நல்லது. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

அவர் தலையாட்டினார். "முடியாது" என்று அவரிடம் யாராவது சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார், அதுவும் அவர் சுபாவம்தான்.

நான்கு நாள் கழித்து லவோன் வந்தார். கையில் தட்டு, தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள், மேலே வெள்ளைத் துணி. கடையில் டெல்மர் இருந்தார். உருளைக்கிழங்கு விவசாயம் பார்த்து, நிலத்தை மகன் கையில் விட்டு ஓய்ந்தவர், அவனிடம் மனம்விட்டுப் பேசாதவர். தினமும் காலையில் என் கடைக்கு வந்து என் காபியைக் குடித்து என் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய உத்தியோகம். லவோன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பனியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். டெல்மர் இரண்டு கேக் துண்டை விழுங்கிவிட்டு வெளியே போன பிறகுதான் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மர்லிஸ் காரைப் பார்க்கப் போறீங்களாமே."

"ஆமா. நாளைக்கு."

"அந்தக் காரு பழசு. பெரிய வண்டியெல்லாம் இழுக்காதுன்னு நெனைக்கிறேன்."

"ஆறு வருஷம்தான் ஆகுது. நல்ல காரு."

"இருக்கட்டும். இழுக்காதுன்னு நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "நீங்க அவங்ககூடப் போகலையா?"

லவோன் துணியை எடுத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எனக்கு டுலூத்தில வீடு இருக்கு தம்பி. ஜன்னலைத் திறந்தா ஏரியும் கப்பலும் தெரியும். செவ்வாய்க்கிழமை சீட்டாட்டத்துல என் நாற்காலியை வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டாங்க. பாட்டுக்குழுவுலயும் என் இடம் போச்சு. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு மூணு மாசம் பதினாறடிக்குள்ள நான் எப்படிப் படுத்து எழுந்திருப்பேன்? ஆனா அவ கூப்பிட்டா. கூப்பிட்டதுக்கு அப்புறம் எப்படி மாட்டேங்கிறது? வண்டி சின்னதா இருந்தா யார் மேலயும் குத்தம் இல்ல பாருங்க."

அடக்கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து "உங்க தங்கச்சியும் இதையேதான் கேட்டாங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவர் காதில் போடுவது எங்கள் ஊரில் திருட்டைவிடக் கேவலம். அன்று ராத்திரி என் மனைவியிடம் கேட்டேன். "உன் வேலை கொக்கி மாட்டறது. அதை மட்டும் மாட்டு" என்றாள்.

மறுநாள் காரைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தேன். துருவே இல்லை. புத்தகத்தை எடுத்து எடையைப் பார்த்தேன். பதினாறடி கேரவன், தண்ணீர், காஸ், துணிமணி, இரண்டு பெண்கள், லவோனின் அத்தனை தையல் சாமானும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கார் இழுக்கிற எடையில் முக்கால் பங்குதான் வந்தது. மறுபடி போட்டேன். டெல்மரையும் உள்ளே உட்காரவைத்துப் போட்டேன். அப்போதும் இழுத்தது. கணக்கு சரியாக வந்ததற்காக என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கைத் திட்டினேன்.

வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன் மதியம், சகோதரிகள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கேரவன் வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்: தரையில் டேப் ஒட்டி அளவு பார்ப்பது. அவர்கள் வீட்டுக் கராஜில் வெண்டலின் படகு இருந்ததால் என் கடைத் தரையைக் கேட்டார்கள். நான் கடைக்குள் நின்ற ஒரு காரை வெளியே எடுத்துவிட்டுத் தரையைப் பெருக்கிக் கொடுத்தேன். நீல டேப்பில் பதிமூன்றடி, பக்கத்திலேயே மஞ்சள் டேப்பில் பதினாறடி. கட்டில் இங்கே, மேசை இங்கே, அடுப்பு இங்கே என்று கோடு போட்டேன். கதவு இருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விட்டேன். இரண்டு பேரும் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போனார்கள். டெல்மர்கூட அப்படித்தான் போனார், மஞ்சள் கழிவறைக்குள் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. ஜன்னல்தான் இல்ல" என்றார்.

மர்லிஸ் மஞ்சளுக்குள் நின்று சுற்றிப் பார்த்தார். "விசாலமா இருக்கு" என்றார். செத்த எலியைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

"ஆமா. நல்ல விசாலம். உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார் லவோன்.

"உனக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரிதான்."

"எனக்கு என்ன, எங்க வேணாலும் இருந்துக்குவேன். உன் வண்டி அது."

"ரெண்டு பேரும் போறோம்ல, ரெண்டு பேருக்கும் பிடிக்கணும்."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

கால் மணி நேரம் இப்படியே போயிற்று. மர்லிஸ் நீலக் கோட்டுக்குள் ஒரு தடவை போனார். கட்டில் இருக்கவேண்டிய இடத்தின் ஓரத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடினார். அரை நிமிஷம்தான். பிறகு யாரோ பார்த்துவிட்டார்கள் என்பது போல எழுந்து மஞ்சளுக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நல்லவர்களாக இருந்து என்ன கண்டார்கள் இவர்கள் என்று கோபம்.

"எல்லாம் சரி, காரு இழுக்குமா? அதைக் கேட்காம அரை மணி நேரமா நாட்டியம் ஆடிக்கிட்டிருக்கீங்க" என்றார் டெல்மர் கழிவறையிலிருந்து.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான்கு கண்கள். நான்கிலும் ஒரே கெஞ்சல். ஒருவர் கெஞ்சுவது மற்றவருக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். கைதுடைக்கும் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தேன்.

"இழுக்கும்" என்றேன். "பதினாறடி, ரெண்டு பேரு, சாமான் எல்லாம் வெச்சும் இழுக்கும். மலையில ஏறினாலும் இழுக்கும். ஒரு பிரச்சினையும் இல்ல."

லவோன் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னம்மா இது?" என்றார் டெல்மர். "நல்ல சேதி சொல்றான், ரெண்டு பேரு மூஞ்சியும் எழவு வீட்டு மூஞ்சி மாதிரி இருக்கு."

மர்லிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வை. "கர்ட், உன்கிட்ட நான் என்ன கேட்டிருந்தேன்?" என்றார்.

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

லவோன் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயும் கேட்டியா?"

"நீயுமா?"

"போன வாரம். கேக் கொண்டு வந்து கொடுத்துக் கேட்டேன்."

"நான் சும்மாதான் கேட்டேன். கேக் கொண்டு வரணும்னு தோணல."

மர்லிஸ் அக்காவின் பக்கம் ஒரு அடி வைத்துக் கேட்டார்: "அப்ப ஏன் ஒரே தடவையில வர்றேன்னு சொன்னே? நான் ஒரு தடவைதான் கேட்டேன் லவோன். ஒரே தடவை."

"அதனாலதான் சொன்னேன். வேண்டாம்னு சொன்னா நீ ரெண்டாவது தடவை கேட்கமாட்டேன்னு தெரியும். ஒருத்தருக்கும் சிரமம் கொடுக்காம தனியாப் போயிடுவே. எங்கேயோ காட்டுல தனியாக் கெடந்து என்ன பண்ணுவியோன்னு எனக்குப் பயம்."

"என்ன பண்ணுவேன்? காபி போட்டுக் குடிப்பேன்."

"நீ அழவே இல்லையே மர்லிஸ்." லவோனுக்கு முகம் சிவந்துவிட்டது. இதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. "அடக்கத்துல அழல. கல்லறையில அழல. அவர் செருப்பை எடுத்து வெச்சப்பகூட அழல. பத்து நாள்ல போகலாம்னுதான் வந்தேன். நீ ஒரு தடவை அழுதுட்டா நிம்மதியாப் போகலாம்னு பார்த்தேன். பதினாறு மாசமா ராத்திரி கதவைத் திறந்து வெச்சுக் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். நீ அழவே மாட்டேங்கிற. அழாதவளை விட்டுட்டு எப்படிப் போறது?"

மர்லிஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ இருக்கும்போது நான் எப்படி அழுவேன்?" என்றார். "அழுதா நீ போகமாட்டியே. நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் நீ உன் வீட்டுக்குப் போவேன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பதினாறு மாசமா."

டெல்மர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

முதலில் லவோன்தான் சிரித்தார். சிரிப்பா விக்கலா என்று தெரியாத ஒரு சத்தம். மர்லிஸும் சிரிக்க ஆரம்பித்தார், அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்துவிட்டது. மஞ்சள் அடுப்புக் கோட்டின் மேல் நின்றபடி, கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். வெண்டல், வெண்டல் என்று இரண்டு தடவை பெயரைச் சொன்னார். லவோன் தங்கையைத் தொடவில்லை. நாங்கள் கட்டிப்பிடிக்கிற சாதி இல்லை. பக்கத்தில் போய், தோளோடு தோள் படும்படி நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

நான் டெல்மரைக் கழிவறையிலிருந்து கிளப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இருவரும் வாசலில் நின்று, பார்க்க எதுவும் இல்லாத சாலையைப் பார்த்தோம்.

"சொல்லித் தொலைச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார் டெல்மர்.

"நீங்க உங்க மகன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாக்கும்."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு, குளிர் ஜாஸ்தி என்றார்.

திரும்பி வந்தபோது லவோன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மஞ்சள் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். மர்லிஸ் நீலத்துக்குள் என் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. எனக்கு ஒரு அற்பக் கவலை வந்தது, மறைப்பானேன். அக்கா வீட்டுக்குப் போய்விட்டால் தங்கை ஏன் வீட்டைவிட்டு ஓடவேண்டும்? கேரவனே வேண்டாம் என்றால் கொக்கி எதற்கு?

"அப்ப வண்டி வேண்டாமா மர்லிஸ்?" என்று கேட்டேன்.

"ஏன் வேண்டாம்? ஓடிப்போக வேண்டியதில்லைன்னுதான் ஆச்சு. போறதுக்கு என்ன? பதிமூணடி. இப்பவே போன் பண்ணணும், உன் போனைக் கொடு."

பட்டறைக்காரரிடம் அவர் பேசியதைக் கேட்டேன். "பதிமூணடி" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். பெரியது இன்னும் சௌகரியமாக இருக்குமே என்று சொல்லியிருப்பார்கள், விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள். மர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேண்டாம்" என்றார். மறுபடி ஏதோ கேட்டார்கள். "வேண்டாங்க" என்றார். மூன்றாவது தடவையும் கேட்டார்கள் போல. "மூணு தடவை சொல்லியாச்சு. நெஜமாவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். லவோன் டேப் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையை அதிசயமாகப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை லவோன் டுலூத்துக்குப் போனார். வந்தபோது ஒரு பெட்டி, போகும்போது ஐந்து. வாசலில் நின்று பேசி விடைபெற ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம், அதை மட்டும் எங்கள் ஊரில் யாராலும் குறைக்க முடியாது.

கொக்கி மாட்டுவதற்காகத் திங்கட்கிழமை காலை மர்லிஸ் காரைக் கொண்டுவந்தார். கண்கள் இரண்டும் தக்காளிப் பழம் மாதிரி சிவந்திருந்தன. தலை சரியாக வாரவில்லை. ஆனால் தோள் இறங்கியிருந்தது. பதினாறு மாதமாக அந்தத் தோளை அவர் தூக்கியே வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். காபியை முதல் தடவைக்கே வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை அவ கார் திருப்பத்துல மறைஞ்சதும் ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகல. கதவெல்லாம் சாத்திக்கிட்டு, வெண்டலோட நாற்காலியில உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன். யாரும் வந்து நல்லா இருக்கியான்னு கேட்கல. ரொம்ப நல்லா இருந்துச்சு கர்ட்."

"லவோன் ஒழுங்காப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"நேத்து சாயங்காலம் போன் பண்ணா. இப்ப பேச முடியாது, அழுதுக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்." காபியை ஒரு வாய் குடித்தார். "'அப்பாடா'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா."